குடும்ப குரூப்ல பெய்லைன் சண்டை

கொலம்பஸ் சித்தப்பா: டேய் கார்த்தி, மறுபடி அந்த ஜோர்டன் பூல் வீடியோவா? 2018 மிச்சிகன்-ஹூஸ்டன் காலேஜ் பாஸ்கெட்பால் மேட்ச்டா அது

கார்த்தி: சித்தப்பா ஹூஸ்டன் 63-61 லீட்ல இருக்கான், மிச்சம் 3.6 செகண்ட், பந்து ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன் கைல, ரெண்டு காலையும் விரிச்சுக்கிட்டு எறியறான், உள்ள போகுது. இத எத்தன வாட்டி வேணாலும் போடுவேன்

கொலம்பஸ் சித்தப்பா: குருட்டு லக். அத விடு. உங்க பெய்லைன தலைல தூக்கி வச்சு ஆடறீங்களே, 2007-லருந்து 2019 வரைக்கும் மிச்சிகன்ல கோச்சா இருந்தாரு, அந்த மனுஷனுக்கு ஸ்கூல் பசங்கள்லருந்து டீமுக்கு ஆள் புடிக்கவே தெரியாது. டெவின் புக்கர் உங்க கிராண்ட் ராபிட்ஸ்ல பொறந்தவன், கேட்டுப் பாத்தாரு, அவன் கென்டக்கி காலேஜுக்குப் போயிட்டான். ஜேலன் பிரவுன் கடைசி லிஸ்ட்ல மிச்சிகன வச்சிருந்தான், போனது கலிஃபோர்னியா. பெரிய பசங்க யாரும் அவர்கிட்ட மாட்டல

கேன்டன் மாமா: மச்சான் ஒண்ணு கேக்கறேன் கோச்சுக்காதீங்க. டிரே பர்க் எந்த ஊரு?

கார்த்தி: 😂😂

கேன்டன் மாமா: சொல்லுங்க மச்சான். உங்க கொலம்பஸ் தான. அவனோட ஸ்கூல் டீம்ல ஒண்ணா ஆடுன சல்லிங்கர உங்க ஒஹையோ ஸ்டேட் வாரி எடுத்துக்கிட்டாங்க, இவன் குள்ளமா இருக்கான்னு ஸ்காலர்ஷிப் குடுக்கல. பெய்லைன் கூட்டிட்டுப் போனாரு, ரெண்டாவது வருஷமே நாட்டுலயே பெஸ்ட் பிளேயர்னு 2013-ல அவார்ட் வாங்கிட்டு, என்பிஏ டீமுங்க புது ஆள் எடுக்கற டிராஃப்ட்ல 9-வது ஆளாப் போனான்

நிவி: லெவர்ட்டையும் சேத்துக்கோங்க மாமா. பிக்கரிங்டன், சித்தப்பா வீட்லருந்து பக்கம் தான். அவன் முதல்ல ஒஹையோ யுனிவர்சிட்டிக்குப் போறதா ஒத்துக்கிட்டவன், அந்த கோச் இல்லினாய்க்கு வேலை மாறிப் போயிட்டதால தான் மிச்சிகனுக்குக் கெடச்சான். ஹைஸ்கூல் முடிக்கறப்போ 17 வயசு, ஒல்லிப்பிச்சான். நாலு வருஷம் கழிச்சு டிராஃப்ட்ல 20-வது பிக்

கொலம்பஸ் சித்தப்பா: சரி ரெண்டு பேர். ஆனா 2013 நேஷனல் ஃபைனல் ஆடுன மிச்சிகன் டீம்ல மெக்கேரி இருந்தான், கிளென் ராபின்சன் மகன் இருந்தான், ரெண்டு பேரும் ஸ்கூல்லயே பெரிய பேரு வாங்குனவங்க. அதயும் சொல்லுங்க. சும்மா யாருமே இல்லாத பசங்கள வச்சு ஃபைனல் போன மாதிரி கத விடாதீங்க

நிவி: கரெக்ட் சித்தப்பா, அது நியாயமான பாயின்ட். மெக்கேரி இல்லன்னா அந்த மார்ச் டோர்னமென்ட்ல கான்சஸ் டீம்கிட்டயே கத முடிஞ்சிருக்கும். ஆனா அதுக்கப்புறம் பெரிய ரேங்க்கோட வந்த சாட்மன் ரெண்டே வருஷத்துல கெளம்பிட்டான், 2016-ல நாலு பேர் சேந்து வேற காலேஜுக்கு டிரான்ஸ்ஃபர் ஆனாங்க. அதனால ஆள் புடிக்கறதுல அவரு கெட்டின்னு நானும் சொல்லல. அவருக்குன்னு ஒரு டேஸ்ட் இருந்துச்சு, ஷூட் பண்ணத் தெரியணும், வயசு கம்மியா இருக்கணும், இன்னும் வளர எடம் இருக்கணும். அந்த மாதிரிப் பையன மத்தவங்களுக்கு முன்னாடி பாத்துருவாரு. ரேங்க் லிஸ்ட்ல மேல இருக்கறவனோட வீட்டு வாசல்ல போய் நின்னா தான் வாய் வராது

சுமதி அத்தை: சனிக்கெழம யார் வீட்ல, யாராவது சொல்றீங்களா இல்லயா. மாவு அரைக்கணும்

கேன்டன் மாமா: இருடி சொல்றேன். டங்கன் ராபின்சன்ன எவனாவது ரேங்க் பண்ணானா? வில்லியம்ஸ்னு ஒரு சின்ன காலேஜ், டிவிஷன் த்ரீ, அங்கல்லாம் ஆட்டத்துக்கு ஸ்காலர்ஷிப்பே கெடயாது. அங்கருந்து எடுத்துட்டு வந்து ஒரு வருஷம் ஒக்கார வச்சு ஆட வச்சாரு. டிராஃப்ட்ல யாரும் எடுக்கல, 2020-ல மயாமிக்கு என்பிஏ ஃபைனல்ஸ் ஆடறான்

கார்த்தி: வாக்னர் மாமா வாக்னர்!! பெர்லின்லருந்து வந்தான், முதல் வருஷம் பெஞ்ச்ல தான் கெடந்தான், ஆடுனா பவுல் ஆயிருவான், மூணாவது வருஷம், 2018-ல, லயோலாவ செமில 24 பாயின்ட் 15 ரீபவுண்ட் போட்டு அடிச்சான். நான் அப்போ மிச்சிகன் காலேஜ் இருக்கற ஆன் ஆர்பர்ல தான், ராத்திரி சவுத் யுனிவர்சிட்டி ரோட்ல நடக்க எடமில்ல

கொலம்பஸ் சித்தப்பா: அடுத்த மேட்ச் ஃபைனல்ல வில்லனோவா 79-62 வச்சு செஞ்சான், அதயும் சொல்லு தம்பி

கார்த்தி: 😑

கொலம்பஸ் சித்தப்பா: ஆள வளக்கறதுல அவ்ளோ பெரிய மேதைன்னா, அப்புறம் என்பிஏ-ல கிளீவ்லண்ட் டீம் கோச்சாப் போனப்போ என்ன ஆச்சு? 54 மேட்ச், 14 தான் ஜெயிச்சாரு, ஒரு சீசன் முழுசாக் கூட ஒக்காரல. எங்க ஒஹையோக்கு தான வந்தாரு, பக்கத்துலருந்து பாத்தோம்ல

நிவி: அவரோட கைமருந்து சின்னப் பசங்களுக்குத் தான் சித்தப்பா. காலேஜ்ல வந்த முதல் நாளே பந்த எப்படிப் புடிக்கணும், ரெண்டு காலையும் சேத்து எப்படி நிக்கணும், எடது கைல எப்படி பாஸ் குடுக்கணும்னு அ ஆ-லருந்து ஆரம்பிப்பாரு. 18 வயசுப் பையன் கேப்பான், ஏன்னா அவனுக்கு ஆட சான்ஸ் வேணும். கோடிக்கணக்குல சம்பளம் வாங்கற 30 வயசுக்காரன்கிட்ட அதே பாடத்த நடத்துனா அவன் மொறைக்கத் தான் செய்வான். அவரு எப்பவும் யாருக்கும் அசிஸ்டென்டா இருந்தவரே இல்ல, ஈரி கம்யூனிட்டி காலேஜ்லருந்து படிப்படியா மேல வந்த வாத்தியார். வாத்தியாரா தான் அவருக்கு இருக்கத் தெரியும்

கேன்டன் மாமா: சபாஷ். சார்ல்ஸ் மேத்யூஸ் ஒருத்தன் போதும், அப்போ கென்டக்கி கோச்சா இருந்த கேலிபாரி எடுத்த ஆளு, கென்டக்கில ஒரு வருஷம் இருந்துட்டு இங்க வந்தான், 2018 டோர்னமென்ட்ல மேற்கு ரீஜன்ல பெஸ்ட் பிளேயர் அவன் தான். ஆள் புடிக்கறவர்கிட்டருந்து ஆளாக்கறவர்கிட்ட வந்தான்னு வச்சுக்கோங்க

கொலம்பஸ் சித்தப்பா: கேலிபாரிகிட்ட 2012 கப் இருக்கு மச்சான். பெய்லைன்கிட்ட?

கேன்டன் மாமா: ...

கேன்டன் மாமா: 2013-ல லூயிவில்கிட்ட ஆடுன அந்த ஃபைனல நெனச்சா இன்னும் வயிறு எரியுது. பர்க்குக்கு ரெண்டாவது பவுல், ஃபர்ஸ்ட் ஹாஃப்ல இன்னும் 11 நிமிஷம் இருக்கு, கூப்ட்டு ஒக்கார வச்சுட்டாரு. ரெண்டு பவுல்னா பெஞ்ச்னு ஒரு சட்டம் வச்சிருந்தாரு, ஃபைனல்ல கூட மாத்தல

கார்த்தி: ஆனா அதனால தான அவன் எடத்துல எறங்குன ஸ்பைக் ஆல்பிரெக்ட் ஃபர்ஸ்ட் ஹாஃப்ல 17 போட்டான்

கேன்டன் மாமா: போட்டான், 12 பாயின்ட் லீட் வந்துச்சு. அப்புறம் லூயிவில் ஆளு ஹான்காக் வரிசையா நாலு த்ரீ-பாயின்டர் போட்டு எல்லாத்தயும் வழிச்சு எடுத்துட்டான்ல. அப்போ உள்ள பர்க் இருந்திருந்தா? கடைசில சிவா ஷாட்ட அவன் அவ்ளோ சுத்தமா பிளாக் பண்ணான், அதுக்கு பவுல் குடுத்தான் பாரு ரெஃப்ரி, அவன

சுமதி அத்தை: சிவாவா? தமிழ்ப் பையனா?

நிவி: இல்ல அத்தை 😂 பேட்டன் சிவா, லூயிவில் பிளேயர், ஊரு சியாட்டில், அவங்க அப்பா சமோவாக்காரர்

சுமதி அத்தை: ஓ. சரி

கார்த்தி: லூயிவில்கிட்டருந்து அந்த கப்ப 2018-ல பறிச்சுட்டாங்க சித்தப்பா. ரெக்கார்ட்லயே இல்ல. ஆளுங்கள புடிக்க அவங்க டார்மிட்டரில என்ன ஏற்பாடு நடந்துச்சுன்னு குடும்ப குரூப்ல எழுத முடியாது

கொலம்பஸ் சித்தப்பா: அதுக்காக உங்களுக்கா தூக்கிக் குடுத்தாங்க? 82-76 தோத்தது தோத்தது தான்

நிவி: ஒழுங்கா ரூல்ஸ்படி நடத்தற ஆளு யாருன்னு 2017-ல மத்த கோச்சுங்களையே பேர் போடாம கேட்டப்போ அதிகம் பேர் சொன்னது பெய்லைன தான். இந்தக் காலத்துல பையனுங்களுக்கு நேராவே காசு குடுக்கலாம், வருஷா வருஷம் டீம் மாறலாம், மூணு வருஷம் பெஞ்ச்ல ஒக்காந்து வளர எவனும் இருக்க மாட்டான். வாக்னர் முதல் வருஷமே கெளம்பிருப்பான்

கேன்டன் மாமா: ராபின்சன்னும் போயிருப்பான். அதுக்கு முன்னாடியே பெரியவரு கெளம்பிட்டாரு, பொழச்சாரு

கொலம்பஸ் சித்தப்பா: அத ஒத்துக்கறேன். ஆனா புக்கர விட்டது விட்டது தான்

சுமதி அத்தை: சனிக்கெழம நம்ம வீடு. 11 மணி. அண்ணே நீங்க வர்றப்போ கொலம்பஸ் கடைலருந்து நல்ல முருங்கக்காய் கெடச்சா வாங்கிட்டு வாங்க. பாஸ்கெட்பால் டிவி ஓடாது