அரையாண்டுக்கு ஐந்து ஆல்பம், சொல்லுங்களேன்

வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ஜனவரியிலிருந்து வந்த தமிழ்த் தனியிசை ஆல்பங்களில் ஐந்தைத் தேர்ந்தெடுக்க உங்கள் உதவி வேண்டும். சினிமாப் பாட்டு வேண்டாம்.

அண்ணன் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடை ஜூன் 14-உடன் முடிகிறது. கடலுக்குள் கொஞ்ச தூரம் போனாலே சிக்னல் போய்விடும். அதனால் முன்னாடியே பாட்டையெல்லாம் போனில் இறக்கிக் கொடுத்துவிடுவேன். போன வருடம் கொடுத்ததில், ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019-இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பம்தான் அவர் மனதில் ஒட்டிக்கொண்டது. எஞ்சின் சத்தத்தையும் மீறி ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழுந்ததாம்.

இப்போது சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருப்பார். பக்கத்தில் போனை வைத்துப் புதுப் பாட்டாகப் போடுவேன். ஏதாவது ஒரு பாட்டில் அவர் கையில் வலை ஊசி அப்படியே நின்றுவிடும். உடனே அந்தப் பாட்டைக் குறித்துக்கொள்வேன்.

சிக்கல் என்னவென்றால், இப்படிக் குறித்ததெல்லாம் ஒற்றைப் பாடல்களாகவே இருக்கின்றன. முதல் பாட்டிலிருந்து கடைசி வரை, கலைஞர் அடுக்கிய வரிசையிலேயே கேட்கவைக்கிற முழு ஆல்பம் எனக்கு இரண்டுதான் கிடைத்தது. அதில் ஒன்று நான்கே பாட்டு. அதை ஆல்பம் என்று சேர்க்கலாமா? எனக்குச் சேர்க்கத்தான் ஆசை.

அப்புறம், பறையோ உடுக்கையோ முன்னால் நிற்கிற இசை என்றால் இன்னும் சந்தோஷம். எந்தப் பாட்டுக்காகச் சொல்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். ஜூன் 13-க்குள் கிடைத்தால் இறக்கிவிடுவேன்.