ஊட்டிக் குளிரும் கீமோவும்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

லவ்டேல் மகள்:
அம்மாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய். கோவையில் முதல் ஆக்ஸாலிபிளாட்டின் (கீமோ மருந்து) ஏற்றிக்கொண்டு மறுநாள் வீடு வந்தோம். ஜனவரி, புல்லெல்லாம் உறைபனி. விடிகாலையில் பழக்கத்தில் குழாயடியில் கையை நீட்டியவர் அலறிவிட்டார். கண்ணாடித் தூளில் கை வைத்தது போல இருந்ததாம். வாசல் கதவைத் திறந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு அடைக்குதுடி" என்றார். மூச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. சால்வையால் வாயையும் மூக்கையும் மூடி வெந்நீர் கொடுத்த பிறகு அடங்கியது. போனில் கேட்டபோது, அந்த மருந்து நரம்பைக் குளிர் தாங்காமல் செய்யும், சில நாளில் குறையும் என்றார்கள். "ஐஸ் தண்ணி வேண்டாம்" என்று முன்பே சொல்லித்தான் அனுப்பினார்கள். நம் ஊரில் குழாய்த் தண்ணீரே ஐஸ் தண்ணீர் என்று அப்போது தோன்றவில்லை.

அருவங்காட்டுக்காரன்:
என் மனைவிக்கு மார்பகப் புற்று. பர்லியார் பழக்கடை அருகே வண்டி மெதுவானதும் பலாப்பழ வாசனைக்கே வாந்தி. சீசன் தவறாமல் அங்கே இறங்கி வாங்கியவள், கண்ணாடியை ஏற்றச் சொல்லி அழுதாள்.

தங்கச்சி, சிலது சொல்கிறேன். ஆன்டான்செட்ரான் (வாந்தியைத் தடுக்கும் மாத்திரை) எழுதிக் கொடுத்திருந்தால் குமட்டல் வருமுன்பே போட வேண்டும். கொண்டை ஊசி வளைவு தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டால் எங்களுக்குச் சரியாக இருந்தது. முன் சீட்டில் உட்காரட்டும். வெறும் வயிறு ஆகாது, வர்க்கியும் வேண்டாம், எண்ணெய் அதிகம். ரஸ்க் போதும். வாய்ப்புண் வந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சமையல் சோடாவும் போட்டுக் கொப்பளிக்கலாம். காய்ச்சல் அடித்தால் பயப்படாதீர்கள், ஒரு பாராசிட்டமாலும் சுக்குக் கஷாயமும் போதும். அதற்காக ராத்திரியில் மலை இறங்க வேண்டாம்.

கோத்தகிரி அக்கா:
அண்ணா, அந்தக் கடைசிப் பேச்சை எடுத்துவிடுங்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கீமோ முடிந்த ஒன்பதாம் நாள், ராத்திரி பத்து மணிக்கு என் வீட்டுக்காரருக்கு 101 டிகிரி. பாராசிட்டமால் கொடுத்தேன், சூடு இறங்கியது, விடியட்டும் என்று படுத்தோம். நாலு மணிக்கு உடம்பு உதறியது, கூப்பிட்டால் பதில் இல்லை. 108 வந்தது. குஞ்சப்பனையில் ரோட்டை மறித்து யானை. லைட்டை அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரைதான் பெரும்பாலும் கிருமியோடு போராடும் வெள்ளையணு அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 100.4 தொட்டாலே, மாத்திரை கொடுக்குமுன் ஆஸ்பத்திரிக்கு போன். மாத்திரை சூட்டைத்தான் இறக்கும், கிருமி உள்ளேயே இருக்கும். ராத்திரியானாலும் இறங்கித்தான் ஆக வேண்டும். மலையில் இருக்கிற நமக்கு கீழே இறங்கும் அந்த இரண்டு மணி நேரம் பெரிது.

லவ்டேல் மகள்:
அக்கா, அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்?

கோத்தகிரி அக்கா:
பதினோரு நாள் வார்டில் இருந்தார். இப்போது காலையில் கடைவீதி வரை நடக்கிறார்.

லவ்டேல் மகள்:
நிம்மதி அக்கா. தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். வியாழக்கிழமை அம்மாவுக்கு இரண்டாவது டோஸ். இரும்புத் தாழ்ப்பாளுக்கெல்லாம் பழைய கம்பளி சாக்ஸ் சுற்றியிருக்கிறேன்.