க்யூஇஎம்யூவில் ஹர்ட்: ஜிடிபி ஒரே ஒரு த்ரெட்டைத்தான் காட்டுகிறது

நூல்சிக்கல்:
வணக்கம். க்யூஇஎம்யூ மெய்நிகர் கணினியில் போட்ட ஹர்டில் (மாக் கெர்னல் மீது இயங்கும் க்னூ இயங்குதளம்) ஓடும் என் நிரல் சில நிமிடங்களில் அப்படியே நின்றுவிடுகிறது. அதில் நான்கு த்ரெட்டுகள் (நிரலுக்குள் தனித்தனியே ஓடும் வேலை இழைகள்) உண்டு. பிழைதேடும் கருவியான ஜிடிபியை இணைத்து 'இன்ஃபோ த்ரெட்ஸ்' கொடுத்தால் ஒன்றுதான் வருகிறது. அதன் பேக்ட்ரேஸும் (அழைப்புகளின் வரிசை) 'மெஷின்_ஐடில்' என்ற, சிபியு சும்மா இருக்கும் இடத்திலேயே நிற்கிறது. மற்றவை எங்கே போயின? அவசரம், தெரிந்தவர்கள் உதவுங்கள்.

கரிசல்:
சாதாரண நிரலா, டிரான்ஸ்லேட்டரா (ஓர் அடைவிலோ கோப்பிலோ அமர்ந்து அங்கு வரும் கோரிக்கைகளைக் கையாளும் ஹர்ட் சர்வர்)? ஜிடிபி வெளியே லினக்ஸில் ஓடுகிறதா, ஹர்டுக்கு உள்ளேயா? இவை தெரியாமல் எதுவும் சொல்ல இயலாது.

வடக்குவாசல்:
கேவிஎம் (வன்பொருள் துணையோடு வேகமாக ஓட்டும் முறை) போட்டிருப்பீர்கள், அதுதான் காரணமாக இருக்கும். சிபியுவை மென்பொருளிலேயே நடிக்கும் டிசிஜிக்கு மாறி, கட்டளைகளை எண்ணும் ஐகவுன்ட்டுடன் ஒருமுறை பதிவு செய்துவிட்டால், அதே ஓட்டத்தை அதே வரிசையில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பி ஓட்டலாம்.

மூத்தகுடி:
தம்பி, கையேட்டைப் புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. க்யூஇஎம்யூவுக்குள் இருக்கும் ஜிடிபி வாயிலுக்குத் தெரிந்ததெல்லாம் சிபியுக்கள் மட்டுமே. ஒரு சிபியு இருந்தால் அதற்கு ஒரு த்ரெட். உங்கள் த்ரெட்டுகளின் பட்டியல் மாக் கெர்னலின் நினைவகத்தில் இருக்கிறது, அதைப் படிக்க அந்த வாயிலுக்குத் தெரியாது. சிபியு சும்மா இருக்கிறது என்றால் அனைவரும் எதற்கோ காத்துத் தூங்குகிறார்கள் என்று பொருள். ஆகவே இது முடிவில்லாச் சுழற்சி அல்ல, பெரும்பாலும் டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் காத்து அனைவரும் நின்றுபோவது). இதைக் கண்டுபிடிக்க ஒரு வரி போதும்.

நூல்சிக்கல்:
மன்னிக்கவும், டிரான்ஸ்லேட்டர்தான். ஜிடிபி வெளியே, 1234 போர்ட் வழியாக. கேவிஎம் உண்டு. இடையிடையே திரையில் வரி எழுதும் பிரின்ட்எஃப் போட்டால் நிற்பதே இல்லை, எடுத்தால் நிற்கிறது.

வடக்குவாசல்:
பார்த்தீர்களா, நேரச் சிக்கல். பதிவு செய்துதான் பிடிக்க முடியும்.

கரிசல்:
எனக்கு உடன்பாடில்லை. ஹர்டில் பிரின்ட்எஃப் எழுதும் வரி, டெர்மினலைக் கையாளும் வேறொரு சர்வருக்குச் செய்தியாகப் போய், பதில் வரும்வரை அந்த த்ரெட்டை நிறுத்தி வைக்கிறது. அதனால் த்ரெட்டுகளின் வரிசையே மாறிவிடுகிறது. குறிப்புகளை நினைவகத்தில் ஓர் அணியில் எழுதி வைத்து, நின்றபின் படித்தால் போதும்.

மூத்தகுடி:
பிரின்ட்எஃப் என்பதே சோம்பேறிகளின் டீபக்கர்.

கரிசல்:
ஐயா, அதை வைத்துத்தான் இங்கு பாதிப் பேர் பிழைக்கிறோம். நூல்சிக்கல், வெளி ஜிடிபியை விட்டுவிடுங்கள். அதில் வைக்கும் பிரேக்பாயின்ட் (நிரலை நிறுத்தும் குறி) மெய்நிகர் முகவரியை மட்டுமே பார்ப்பதால், அதே முகவரியைப் பயன்படுத்தும் வேறொரு ப்ராசஸ் வந்து மிதித்தாலும் நின்றுவிடும். ஹர்டுக்கு உள்ளே ஜிடிபியைத் திறந்து, நின்றுபோன ப்ராசஸின் எண்ணைக் கொடுத்து இணைத்து, எல்லா த்ரெட்டுகளின் பேக்ட்ரேஸையும் காட்டும் 'த்ரெட் அப்ளை ஆல் பிடி' கொடுங்கள். நான்குக்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம்: ஒன்று சி நூலகமான ஜிலிப்சி ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தரும் சிக்னல் த்ரெட், வரும் செய்திகளுக்கேற்ப ஹர்டின் நூலகமான லிப்போர்ட்ஸும் தானாகவே புதிய த்ரெட்டுகளை உருவாக்கும். உங்கள் டிரான்ஸ்லேட்டர் அமர்ந்திருக்கும் அடைவுக்குள் இருந்துகொண்டு ஜிடிபியைத் தொடங்காதீர்கள், அதுவும் சேர்ந்து உறைந்துவிடும். நான் ஒரு மாலை முழுவதையும் அப்படி இழந்திருக்கிறேன்.

மூத்தகுடி:
ரூட் கோப்பு முறைமையை நடத்தும் டிரான்ஸ்லேட்டரான இஎக்ஸ்டி2எஃப்எஸ்ஸோடும் ஜிடிபியை இணைக்கக்கூடாது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு சப்ஹர்ட் (ஹர்டுக்குள் ஓடும் இன்னொரு ஹர்ட்) வேண்டும்.

நூல்சிக்கல்:
கிடைத்துவிட்டது. ஏழு த்ரெட்டுகள். ஒன்று நோடின் (ஒரு கோப்பையோ அடைவையோ குறிக்கும் பதிவு) பூட்டைப் பிடித்துக்கொண்டு, என் டிரான்ஸ்லேட்டருக்குக் கீழேயே உள்ள ஒரு பாதையை ஸ்டாட் செய்து (அதன் விவரம் கேட்டு), பாதையைத் தேடும் 'டிர்_லுக்அப்' அழைப்பில், மாக் செய்திக்கான பதிலுக்குக் காத்திருக்கிறது. அந்தச் செய்தி என்னிடமே திரும்பி வந்து, அதைக் கையாளும் த்ரெட் அதே பூட்டுக்காக 'ஜிசிங்க்_வெய்ட்'டில் நிற்கிறது. பெயர் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) இருக்கும்வரை பூட்டே தேவைப்படாததால் தப்பித்து வந்திருக்கிறது. வேறொரு த்ரெட் கேஷைக் காலி செய்ததும் மாட்டிக்கொண்டது. ஸ்டாட்டைப் பூட்டுக்கு வெளியே எடுத்துவிட்டேன். நன்றி.

வடக்குவாசல்:
மாற்றியபின் எவ்வளவு நேரம் ஓடியது? கேவிஎம் இல்லாமலும் பார்த்தீர்களா?

வடக்குவாசல்:
இருக்கிறீர்களா?