சென்சார் காட்டும் 104 விழுக்காட்டை நம்பலாமா?

வணக்கம். மாத்திரைப் பிரிவில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். பொடி இடைவிடாமல் ஓடி மாத்திரையாகும் தொடர் உற்பத்திக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. அழுத்தும் இயந்திரத்தின் வாயிலுள்ள அண்மை அகச்சிவப்புச் சென்சார் மருந்தளவை, இருக்க வேண்டியதில் 104 விழுக்காடு என்று காட்டுகிறது. அரை நிமிடத்தில் 100க்கு இறங்கிவிடுகிறது. இரவுப் பணியில் மட்டும் ஐந்து முறை. குழந்தைகள் விழுங்கும் மருந்து, மனம் ஒப்பவில்லை.

பதில் 1: மருந்துப் பொடியை அளந்து ஊட்டும் ஃபீடரில் பொடி நிரப்பிய நேரங்களை எடுத்துப் பாருங்கள். எடை குறைவதை வைத்தே ஃபீடர் வேகத்தைத் திருத்துகிறது. நிரப்பும்போது அந்தக் கணக்கு நின்றுவிடும். பொடியைத் தள்ளும் திருகு மட்டும் பழைய வேகத்திலேயே சுழலும். மேலே விழும் பாரத்தில் அடிப்பொடி இறுகி, சுற்றுக்குக் கூடுதலாகத் தள்ளும். அடிக்கடி, சிறிது சிறிதாக நிரப்புங்கள்.

பதில் 2: சென்சார் கண்ணாடியில் பொடி ஒட்டினால் அளவு இப்படி உடனே இறங்காது. துடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கேட்டவர்: ஐந்தும் நிரப்பிய நேரங்களே! அந்த மாத்திரைகளை என்ன செய்வது?

பதில் 1: ஒதுக்குங்கள். பொடி கலக்கும் இயந்திரத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று அளந்து, முன்னும் பின்னும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். தொடர் உற்பத்திக்கென 2022இல் ஏற்கப்பட்ட, ஐசிஎச் என்ற பன்னாட்டு மருந்து நெறிமுறை அமைப்பின் க்யூ13 வழிகாட்டியில் இதைப் பற்றி இருக்கிறது.