லின்சீட் ஆயில் பூசினால் ஸ்டாக்கில் ஈரம் ஏறாதாம்! (சிஇசட் 452)

உளிக்காரன் (ஹூஸ்டன்):
ரைஃபிள் படங்கள் இழையில் பாலைவனத்தான் நேற்று ஒரு தீர்ப்பு எழுதியிருக்கிறார். செக் நாட்டில் செய்த, .22 என்ற சிறு குண்டு சுடும் சிஇசட் 452 லக்ஸ் ரைஃபிள் ஒன்றை வாங்கி, தொழிற்சாலை வார்னிஷை உரித்துவிட்டு, ஸ்டாக் எனும் அதன் வால்நட் கட்டையில் லின்சீட் ஆயிலை (ஆளிவிதை எண்ணெயை) கையால் தேய்த்து ஏற்றினாராம். படம் அழகுதான், அதை மறுக்கவில்லை. கீழே எழுதியிருப்பதைப் படித்துத்தான் எரிச்சல்: "இனி இந்த ஸ்டாக்குக்குள் ஈரம் ஏறவே ஏறாது. மழையில் கொண்டுபோனாலும் ஜீரோ (குறி பார்த்த இடத்திலேயே குண்டு படும்படி செய்த அமைப்பு) அசையாது." அதற்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேறு.

லின்சீட் ஆயில் ஈரத்தை நிறுத்தாது. விஸ்கான்சின் மேடிசனில் அமெரிக்க வனத்துறையின் மர ஆய்வுக்கூடம் 1910 முதல் இயங்குகிறது. ஒவ்வொரு பூச்சையும் மரத்தில் பூசி, ஈரக் காற்றில் வைத்து, எவ்வளவு ஈரம் உள்ளே போகிறது என்று அளந்து பட்டியல் போட்டிருக்கிறார்கள். உருக்கிய பாரஃபின் மெழுகில் முக்கியெடுத்த மரம் மேல்வரிசையில் இருக்கிறது. லின்சீட் ஆயில் அடிவரிசையில், ஒன்றுமே பூசாத மரத்துக்குப் பக்கத்தில். புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் எண்ணெய் டப்பாவைத் திறக்கட்டும்.

பாலைவனத்தான் (ஃபீனிக்ஸ்):
எனக்காகவே தனி இழையா! நன்றி அண்ணே, வீட்டில் காட்டினேன், பெருமைப்பட்டார்கள்.

லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்தது லின்சீட் ஆயில். இரண்டு உலகப் போர். பர்மாக் காட்டு மழையிலும் அதே துப்பாக்கி, அதே எண்ணெய். அங்கே போய் உங்கள் பட்டியலைக் காட்டியிருக்கலாம். என் 452 எங்கே அடிக்க வேண்டுமோ அங்கே அடிக்கிறது. ஈரம் ஏறவில்லை.

உளிக்காரன்:
பர்மாவில் அந்தச் சிப்பாய் எண்ணெயை ஒருமுறை பூசிவிட்டு ஓய்வு பெற்றானா? திரும்பத் திரும்பத் தேய்த்தான். ஈரம் ஏறவே ஏறாது என்றால் அவன் ஏன் தேய்க்க வேண்டும்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

அப்புறம், ஃபீனிக்ஸில் ஆண்டு மழை எட்டு அங்குலத்தைத் தொடாது. அங்கே உட்கார்ந்துகொண்டு மழையில் கொண்டுபோனாலும் என்கிறீர்கள். எந்த மழை?

பாலைவனத்தான்:
இங்கே பருவமழை உண்டு. ஜூலையில் வந்து பாருங்கள்.

மயிலிறகு (டொரண்டோ):
ஒரு சந்தேகம். இருவரும் ஈரம் ஈரம் என்கிறீர்கள். மேலே விழும் மழைத்துளியா, காற்றில் இருக்கும் ஈரப்பதமா? இரண்டும் வேறு. ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) இரண்டு மூன்று கோட் அடித்தால் காற்றின் ஈரத்தை நன்றாகவே தடுக்கும். ஆனால் அதன் மேல் தண்ணீர் தேங்கினால் வெள்ளை பூத்துவிடும். முதலில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்தால் பாதிச் சண்டை தீரும்.

உளிக்காரன்:
ஈரம் ஈரம்தான். லின்சீட் ஆயில் அதை நிறுத்தாது.

பாலைவனத்தான்:
என் ஸ்டாக்கில் ஏறவில்லை. ஷெல்லாக்கைப் பற்றி யார் கேட்டார்கள்?

பழசுப்பிரியன் (நியூ ஜெர்சி):
அந்த வார்னிஷை உரிக்கச் சொன்னது யார்? அதைக் கேட்பார் இல்லையா? 2010-இல் அதற்குப் பதிலாக 455 என்ற மாடல் வந்தது, அப்புறம் 457. 452 இனி வராது. குழலில் செக் புரூஃப் முத்திரையோடு (சோதனை முடிந்ததற்கான முத்திரை) ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் இருக்கும், எடுத்துப் பாருங்கள். அந்த ஆண்டில் சிஇசட் தொழிற்சாலை இருக்கும் உஹெர்ஸ்கி பிராடில் பூசிய பூச்சு அது. உப்புத்தாள் பட்ட நிமிடமே அது வெறும் .22 ஆகிவிட்டது. லக்ஸின் அந்தக் கூன் முதுகு ஸ்டாக்கைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களோ கையில் எண்ணெயோடு நிற்கிறீர்கள்.

பாலைவனத்தான்:
ஐயா, அது கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பொருள் இல்லை. சுடுகிற ரைஃபிள். வார்னிஷ் ஏற்கெனவே பெயர்ந்து ஆரஞ்சு நிறத்தில் திட்டுத்திட்டாக இருந்தது. சிட்ரிஸ்டிரிப் என்ற வார்னிஷ் உரிக்கும் ஜெல்லைத் தடவி, பிளாஸ்டிக் உறை சுற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் தோல் மாதிரி உரிந்து வந்தது. சொட்டை விழுந்த இடத்தில் ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஆவி கொடுத்தேன், மரம் எழும்பியது. செக்கரிங்கில் (பிடிமானத்துக்குச் செதுக்கிய கட்டக்கோடுகளில்) உப்புத்தாள் படவே இல்லை, பழைய பல் பிரஷ் மட்டும். மற்ற இடத்தில் 220, 320, 400 எண் உப்புத்தாள் வரிசையாக. நடுவில் தண்ணீர் தெளித்து நார் எழும்ப விட்டு மறுபடி தேய்த்தேன். இவ்வளவு வேலைக்கும் ஒரு வார்த்தை இல்லை, எண்ணெயைத்தான் பிடித்துக்கொண்டார் அண்ணன்.

இரும்புக்கை (டாலஸ்):
சிட்ரிஸ்டிரிப் எல்லாம் பொறுமைசாலிகளுக்கு. அந்தக் காலத்து மெத்திலீன் குளோரைடு டப்பா என்றால் காபி குடித்து முடிப்பதற்குள் வார்னிஷ் கழன்றுவிடும்.

மயிலிறகு:
அதைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது என்று உங்கள் ஊர் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ 2019-லேயே தடை போட்டது. மூடிய அறையில் அந்த ஆவியை இழுத்து ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இரும்புக்கை:
நான் கராஜ் கதவைத் திறந்து வைத்துத்தான் செய்வேன்.

உளிக்காரன்:
படம் அழகுதான் என்று முதலிலேயே எழுதிவிட்டேன், மேலே போய்ப் படியுங்கள் தம்பி. வேலை சுத்தமாக இருப்பதால் நீங்கள் சொன்னது உண்மை ஆகிவிடாது. "ஏறவே ஏறாது" என்று எழுதியது யார்? வால்நட் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஃபோர்எண்ட் (ஸ்டாக்கின் முன்பகுதி) லேசாக வளைந்து குழலில் ஒரு பக்கம் அழுத்தினால் போதும், குண்டு வேறு இடம் போகும். தோளில் படும் பட்பிளேட்டுக்குக் கீழே கட்டையின் முனைநார் திறந்து கிடக்கும், ஈரம் அங்கேதான் முதலில் குடிக்கும். அங்கே என்ன பூசினீர்கள்? குழல் உட்காரும் பள்ளத்தில் என்ன பூசினீர்கள்? படத்தில் அந்தப் பக்கமே இல்லை.

பாலைவனத்தான்:
அங்கேயும் லின்சீட்தான்.

உளிக்காரன்:
போச்சு.

மலைச்சாரல் (கோவை):
வால்பாறையில் எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு பிர்னோ மாடல் 2 ரைஃபிள் இருந்தது. இந்த 452-க்கு மூத்தது. பக்கத்தில் சின்னக்கல்லார், அங்கே எப்படி மழை பெய்யும் என்று இங்கே சிலருக்குத் தெரிந்திருக்கும். லின்சீட் பூசிய ஸ்டாக்கில் ஆடி மாதம் பூஞ்சணம் பூக்கும். அந்த எண்ணெயையே தின்று வளரும் சனியன் அது. துடைத்து வெயிலில் வைப்போம், மறுபடி பூக்கும். ஆயுதச் சட்டப்படி இங்கே ரிப்பேர் வேலைக்கே உரிமம் பெற்ற ஆள் வேண்டும். அதனால் நாங்கள் துடைப்பதோடு சரி.

உளிக்காரன்:
கேட்டுக்கொள்ளுங்கள். வால்பாறைச் சாட்சி. ஈரம் ஏறாமல் பூஞ்சணம் எப்படி வரும்?

பாலைவனத்தான்:
பூஞ்சணம் மேலே வருகிறது. மேலே வந்தால் உள்ளே ஈரம் ஏறியது என்று அர்த்தமா? அவர் ஜீரோ மாறியது என்று எங்காவது எழுதினாரா? மலைச்சாரல் சார், மாறியதா?

மலைச்சாரல்:
அதை யார் பார்த்தார்கள்? 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அது பீரோவை விட்டு வெளியே வந்ததே அபூர்வம்.

பாலைவனத்தான்:
அவ்வளவுதான். சாட்சி பல்டி.

மலைச்சாரல்:
நான் பல்டி அடிக்கவில்லை தம்பி. பூஞ்சணம் வந்தது என்றேன், இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். பெரியவர்களிடம் பேசுகிற முறை இது இல்லை.

பாலைவனத்தான்:
சரி சார், மன்னிக்கவும். ஆனால் உளிக்கார அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். போன வருடம் உங்கள் 455-க்கு ட்ரூ ஆயில் என்ற ஸ்டாக் பூச்சைப் பூசி இங்கேயே பத்துப் படம் போட்டீர்களே. அந்த ட்ரூ ஆயிலில் என்ன இருக்கிறது? பதப்படுத்திய லின்சீட்! நீங்கள் பூசினால் கவசம், நான் பூசினால் சல்லடையா?

இரும்புக்கை:
ஹாஹா, மாட்டினார்.

உளிக்காரன்:
யாரும் மாட்டவில்லை. ட்ரூ ஆயில் மேலே படலமாகக் கட்டும். மெல்லிய கோட்டாக அடுக்கினால் வார்னிஷ் மாதிரி நிற்கும். டப்பாவில் விற்கிற சாதா லின்சீட் உள்ளே போய் மெத்தென்று கிடக்கும், படலம் கட்டாது. இதுகூடத் தெரியாமல் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாதத்துக்கு வருகிறார். இவர்தான் கையால் குண்டேற்றும் போல்ட் ஆக்‌ஷன் .22-க்கு ஸ்டாக் மாற்றினால் இறக்குமதி உதிரிபாகச் சட்டமான 922(ஆர்) பாயும் என்று ஒரு புதியவரை மிரட்டியவர். அந்தச் சட்டம் தானாகக் குண்டேற்றும் செமி ஆட்டோவுக்கு என்று நான் சொல்லித்தான் அந்த இழையே அடங்கியது.

பாலைவனத்தான்:
நான் மிரட்டவில்லை, "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். அதை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறீர்களா? அப்படியானால் இங்கே பிரச்சினை எண்ணெய் இல்லை.

உளிக்காரன்:
பிரச்சினை எண்ணெய்தான். ஈரம் ஏறுமா, ஏறாதா?

மயிலிறகு:
எந்த ஈரம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.

தீக்குச்சி (ஃபிலடெல்ஃபியா):
நீங்கள் ஈரத்துக்குச் சண்டை போடுங்கள், நான் நெருப்பைச் சொல்கிறேன். பாலைவனத்தான், எண்ணெய் தேய்த்த துணியை எங்கே போட்டீர்கள்? 1991 பிப்ரவரியில் எங்கள் ஊரில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம் எரிந்தது. மரவேலை செய்தவர்கள் விட்டுப்போன லின்சீட் துணி தானாகச் சூடேறித் தீப்பிடித்ததுதான் காரணம். தீயணைப்பு வீரர்கள் 3 பேர் போய்விட்டார்கள். துணியை உருட்டிக் குப்பைத்தொட்டியில் எறியாதீர்கள். விரித்துக் காய விடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பாலைவனத்தான்:
வேலியில் விரித்துப் போட்டேன். சீக்கிரமே காய்ந்துவிட்டது. அரிசோனா வெயில்.

உளிக்காரன்:
சீக்கிரமே துணி காய்கிற ஊரில் இருந்துகொண்டு ஈரம் ஏறாது என்கிறார். நான் இதற்கு மேல் என்ன சொல்ல? ஹூஸ்டனுக்கு ஆண்டுக்கு 50 அங்குலம். இங்கே ஆகஸ்டில் ஜன்னலைத் திறந்தால் சட்டை ஒட்டும். அந்த லக்ஸை ஒரு மாதம் என்னிடம் கொடுங்கள், எடை போட்டுத் திருப்பித் தருகிறேன்.

பாலைவனத்தான்:
உங்களிடம் கொடுத்தால் ட்ரூ ஆயில் பூசித்தான் திரும்பி வரும்.

பழசுப்பிரியன்:
இரண்டு பேருமே பூசாமல் இருந்திருந்தால் அந்த ரைஃபிள் பிழைத்திருக்கும்.

இரும்புக்கை:
குழலில் கோல்ட் புளூ (இரும்பைக் கருநீலமாக்கும் மருந்து) போட்டீர்களா? தேய்ந்த இடம் படத்தில் வேறு நிறமாகத் தெரிகிறதே.

பாலைவனத்தான்:
குழல் முனையில் இருக்கும் முன்குறிக்குப் பின்னால் கொஞ்சம் மட்டும். அசிட்டோனால் துடைத்துவிட்டுத்தான் போட்டேன். அதைத் தனியாக எழுதுகிறேன், இங்கே எழுதினால் அதற்கும் ஒரு ஆய்வுக்கூடம் வரும். இந்த வார இறுதியில் ஸ்டாக்குக்குக் கடைசிக் கோட், அதன் மேல் பேஸ்ட் வாக்ஸ். முடிந்ததும் படம் போடுகிறேன்.

உளிக்காரன்:
மெழுகா? ஏறவே ஏறாத ஸ்டாக்குக்கு மெழுகு எதற்கு?

பாலைவனத்தான்:
பளபளப்புக்கு.

உளிக்காரன்:
பளபளப்புக்காம்! எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலைவனத்தான்:
பளபளப்புக்குத்தான் அண்ணே. ஈரத்தை லின்சீட் பார்த்துக்கொள்ளும்.

இரும்புக்கை:
அது கிடக்கட்டும். 452 லக்ஸ் முன்குறி மூடி யாரிடமாவது கூடுதலாக இருக்கிறதா? என்னுடையது ரேஞ்சில் எங்கோ விழுந்துவிட்டது.

உளிக்காரன்:
வாங்க விற்கத் தனி இழை இருக்கிறது. இது லின்சீட் இழை.