வேம்பின் நிழலில் குழந்தைகளுக்கு ஒரு தோட்டம்: வழி சொல்லுங்கள்

தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் 15 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடத்தை, 4 வயது மகளும் 7 வயது மகனும் தாங்களே விதைத்து நீரூற்றும் தோட்டமாக்க ஜூன் முதல் முயன்று வருகிறேன், எதுவும் நிலைக்கவில்லை. மண் கெட்டியான களி. மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது, காய்ந்தால் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. கிழக்கே பக்கத்து வீட்டு மாடியும் மேற்கே பழைய வேம்பும் மறைப்பதால், நேரடி வெயில் மூன்று மணி நேரமே கிடைக்கிறது. வேம்பை வெட்ட மனமில்லை. பிள்ளைகளின் ஊஞ்சல் அதில்தான் தொங்குகிறது.

எல்லாப் பாகமும் நஞ்சு என்பதால் வேலியோர அரளியை முதலில் வேரோடு அகற்றினேன். பிறகு மணலும் மட்கிய சாணமும் கலந்து, செங்கல் அடுக்கி ஓரடி உயரப் பாத்தி கட்டினேன். தக்காளி நெடுநெடுவென வளர்ந்தும் பூக்கவில்லை. வெண்டை முளைக்கவே இல்லை. முளை வந்துவிட்டதா என்று சின்னவள் தினமும் காலையில் மண்ணைக் கிளறி, விதையை எடுத்துப் பார்த்துவிட்டு மீண்டும் புதைக்கிறாள்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், இந்த மூன்று மணி நேர வெயிலில் நன்றாக வளர்ந்து, குழந்தைகள் தங்கள் கையாலேயே பறித்துத் தின்னக்கூடிய செடிகளாக எவற்றை நடலாம்?