புதனா, சனியா? நம் வீட்டுக் குழுவில் ஒரு காலை

2026 ஏப்ரல் 25, சனிக்கிழமை

நான்: அனைவருக்கும் வணக்கம். வரும் மே 2 அன்று அப்பாவுக்கு 70 வயது நிறைவடைகிறது. விழா எதுவும் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். விடாமல் கேட்டதில், எல்லோரும் சேர்ந்து ஒரு படத்துக்குப் போகலாம், ஆனால் அது தமக்குப் பிடித்த புதன்கிழமையாக இருக்க வேண்டும் என்றார். மே 2 சனிக்கிழமை. அதற்கு முந்தைய புதன் ஏப்ரல் 29. யாருக்கு எந்த நாள் முடியும் என்று மாலைக்குள் தெரிவித்தால் இருக்கைகளை முன்பதிவு செய்துவிடுவேன்.

அக்கா: புதன் எனக்கு முடியாது.

அத்தான்: எனக்கும்.

மாமா: பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது சரியாகத்தான் இருக்கிறது. எனக்கு விடுப்பு கிடைக்காது.

அத்தை: படத்துக்கா? மறுபடியுமா?

அக்கா: அத்தை, வேண்டாம்.

சித்தப்பா: அண்ணன் புதனைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் பிறந்த 1956 மே 2 ஒரு புதன்கிழமை. அன்று முதல் இந்த மே 2 வரையிலான 70 ஆண்டுகளில் பிப்ரவரி 29 என்ற தேதி 17 முறை வந்திருப்பதால், மொத்தம் 25,567 நாட்கள் ஆகின்றன. அதை ஏழால் வகுத்தால் 3,652 வாரங்கள் போக மூன்று நாட்கள் மிஞ்சும். அந்த மூன்று நாட்கள்தாம் பிறந்தநாளைப் புதனிலிருந்து சனிக்குத் தள்ளியிருக்கின்றன. ஆனால் திரைப்படத்துக்குரிய கிழமை எது என்று பார்த்தால், சனிக்குத்தான் உரிமை அதிகம். திரைப்பட முன்னோடிகளான லூமியே சகோதரர்கள் பாரிஸில் முதன்முதலாகக் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குப் படம் காட்டிய 1895 டிசம்பர் 28 ஒரு சனிக்கிழமை. அன்று காட்டிய பத்துப் படங்களும் தலைக்கு ஒரு நிமிடத்துக்குக் குறைவாகவே ஓடின.

மாமா: அந்தப் பத்தில் ஒன்றையும் நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அதனால்தான் பார்த்தவர்கள் தலைநிமிர்ந்து வெளியே வந்தார்கள்.

சித்தப்பா: பழைய கதை இங்கே தேவையில்லை.

அக்கா மகள்: எந்தக் கதை? சித்தி, எனக்கு மட்டும் யாருமே சொன்னதில்லை.

அக்கா: உனக்குத் தேவையில்லை.

நான்: சொல்லிவிடுகிறேன் அக்கா, அவளுக்கும் வயதாகிவிட்டது. உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் திருமணம் பேசிக்கொண்டிருந்த 1999இல், இரு வீட்டாரும் ஒருவரோடொருவர் பழகட்டும் என்று எல்லோரும் ஒன்றாகப் படம் பார்க்கச் சென்றோம். சுவரொட்டியில் ஒரு சிறுவனும் நாய்க்குட்டியும் இருந்ததை மட்டும் பார்த்துவிட்டு, அது குழந்தைகள் படம் என்று சின்னத் தாத்தா தீர்மானித்திருந்தார். நாய்க்குட்டி பத்தே நிமிடத்தில் காணாமற்போனது. அதைத் தேடிப் போன இளைஞனும் இளம்பெண்ணும் ஓர் அறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டுக்கொண்டார்கள். கேமரா மட்டும் வெளியே நிற்கவில்லை. உன் தாத்தா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்; வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடியும் வலப்பக்கம் என்று துடைத்துக்கொண்டே இருந்தார், ஆனால் கைக்குட்டையின் இஸ்திரி மடிப்பைக்கூடப் பிரித்திருக்கவில்லை. அத்தை கைப்பைக்குள் இல்லாத ஒன்றைத் தேடினார். இசையும் ஓய்ந்து அரங்கமே அமைதியாக இருந்த நேரத்தில், உன் கொள்ளுப்பாட்டி உரத்த குரலில், "பாவம், அந்தப் பெண்ணுக்கு இப்படி மூச்சு வாங்குகிறதே, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அந்த வீட்டில் ஆளே இல்லையா?" என்று கேட்டார்.

அக்கா மகள்: ஐயோ.

அத்தான்: "கொடுப்பார்கள் அம்மா, கொடுப்பார்கள்" என்றார் என் அப்பா.

அக்கா: அதுதான் அவர் எங்கள் வீட்டாரிடம் அன்று பேசிய முதல் வாக்கியம்.

அத்தை: நான் தேடியது வீட்டுச் சாவி. அது இல்லாத பொருள் அன்று.

சித்தப்பா: என் தரப்பையும் பதிவு செய்கிறேன். சுவரொட்டியை நம்பியது என் குற்றமாகாது. அந்தக் காட்சி 40 விநாடிகளுக்கு மேல் இல்லை. சட்டம் என்பது பிலிமில் உள்ள ஒரு தனிப் படம்; விநாடிக்கு 24 சட்டங்கள் வீதம் மொத்தமே 960 சட்டங்கள். மேலும், அது பிலிம் சுருளில் ஓடிய படம். ஒரு சட்டம் நகர்ந்து அடுத்த சட்டம் வந்து நிற்கும் வரை படம்காட்டும் கருவியின் மூடி ஒளியை மறைக்கும். ஒளி விட்டுவிட்டு மினுங்குவது கண்ணுக்குத் தெரியாமலிருக்க, ஒவ்வொரு சட்டமும் அசையாமல் நிற்கும்போதே நடுவில் இன்னொரு முறையும் மறைக்கும். ஆகவே திரை ஏறத்தாழ பாதி நேரம் இருட்டாகத்தான் இருக்கிறது. நாம் பார்த்ததாக நினைப்பதில் பாதியை நாம் பார்க்கவே இல்லை.

மாமா: முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது. 25,567 நாட்களைப் பிழையின்றி எண்ணும் கணித ஆசிரியர், அன்று பதினொரு பேரைப் பத்து என்று எண்ணி அனுமதிச்சீட்டு வாங்கினார். பதினோராவது ஆள் நான். கழுத்தை அண்ணாந்தபடி முழுப் படத்தையும் பார்த்தேன்.

சித்தப்பா: இச்செய்தி நீக்கப்பட்டது.

மாமா: படித்துவிட்டேன்.

அம்மா: தம்பிகளே, போதும். அவருக்குப் புதன் ஏன் பிடிக்கும் என்றால், வேலை பார்த்த காலம் முழுவதும் அவருக்கு வார விடுமுறை புதன்கிழமைதான்.

நான்: அதுவாகத்தான் இருக்கும். வாரம் முழுவதும் நாங்களாகச் சீவிக்கொள்ளும் பென்சில்களைப் புதனன்று மட்டும் அப்பா பிளேடால் சீவி, கூர் ஒரே பக்கம் இருக்குமாறு சன்னல் விளிம்பில் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். பள்ளி விட்டு வந்து பையை வைப்பதற்கு முன் அவற்றை எண்ணுவேன்.

அக்கா: எனக்கு எப்போதும் ஒன்று குறையும்.

அப்பா: இப்போதுதான் பார்த்தேன். பிறந்த கிழமை என்னவென்று எனக்கே தெரியாது. வார விடுமுறையும் காரணம் அன்று. அந்தப் படத்துக்குப் போனது ஒரு புதன்கிழமை.

அத்தை: அண்ணா!

அப்பா: படம் முடிந்து வீடு வரை நடந்தே வந்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அம்மா மட்டும், அந்தப் பெண்ணுக்கு அப்புறம் குணமாகிவிட்டதா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். சம்பந்தி ஒவ்வொரு முறையும், முதல் முறை கேட்பவரைப் போலவே நின்று, "குணமாகிவிட்டது அம்மா, நன்றாக இருக்கிறாள்" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்தச் சம்பந்தத்தில் அதுவரை எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. தெருமுனை திரும்புவதற்குள் அது போய்விட்டது.

அத்தான்: தயக்கமா?

அக்கா: உங்களுக்குத் தெரியாதா?

அத்தான்: 27 ஆண்டுகள் கழித்து, குழுவில் படித்துத் தெரிந்துகொள்கிறேன்.

அம்மா: அது புதன்கிழமை இல்லை. வியாழக்கிழமை. அடுத்த நாள் நீங்கள் விடுமுறை இல்லை என்று விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பினீர்கள்.

அப்பா: புதன்தான். வியாழன் காலையிலும் நான் வேலைக்குத்தான் கிளம்புவேன்.

சித்தப்பா: தேதி யாருக்காவது நினைவிருந்தால் கிழமையை நான் உடனே கணக்கிட்டுச் சொல்லிவிடுவேன்.

அப்பா: சீட்டு என் பழைய கண்ணாடிக் கூட்டில் இருக்கிறது. ஆனால் வாயிலில் கிழித்துக்கொண்ட பாதியோடு தேதியும் போய்விட்டது. இருக்கை எண் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

மாமா: பத்துப் பேருக்கு.

நான்: சனிக்கிழமைக்கே பார்க்கட்டுமா? அப்பா, உங்களுக்குச் சம்மதமா?

அப்பா: புதன் என்றுதான் சொன்னேன். உங்கள் வசதி.

நான்: அப்படியானால் இரண்டு நாட்களுக்கும் காட்சி நேரங்களைப் பார்த்து எழுதுகிறேன். பதினொரு இருக்கைகள், ஒரே வரிசை.

அம்மா: பாட்டியின் இடத்தில் பேத்தியை உட்கார வை. அவளும் கேள்வி கேட்பாள்.

அக்கா மகள்: சத்தமாகக் கேட்கலாமா?

சித்தப்பா: இம்முறை படத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதை அனைவரும் குறித்துக்கொள்ளவும்.